வளவில் கேட்ட ஆல்பங்கள்

கானாடுகாத்தான்

அன்புள்ள சொக்கு,

நலம்தானே? சித்தப்பாவின் அறுபது சாந்திக்கு வந்தவன், வீட்டில் கொஞ்சம் மராமத்து வேலை இருக்கிறது என்று இங்கேயே தங்கிவிட்டேன். சொந்தமெல்லாம் கிளம்பிப் போனதும் ஸ்பீக்கரை வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) வைத்து, நம் பழைய ஆல்பங்களை முழுசாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வீடு எல்லா இசைக்கும் ஒத்துவராது. தரையின் ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுவரும் சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) ஏற்கெனவே எதிரொலி நிறைந்தது, இங்கே கலங்கிப்போகிறது. அதில் பாடகி கிளேர் டாரி வார்த்தையே இல்லாமல் பாடும் இடம் மட்டும் மாடிவரை ஏறி நிற்கிறது. ஜெர்மன் மின்னிசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் ‘டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ (1977) நேர்மாறு. நறுக்கென்று முடியும் சத்தங்கள், நடுவில் விட்ட இடத்தையெல்லாம் வீடு நிரப்பிவிடுகிறது.

இயந்திர இசையில் உயிர் ஏது என்று சண்டை போடுவாயே, அதற்கு என் பதில் டெபெஷ் மோட் குழுவின் ‘வயலேட்டர்’ (1990). அதிலுள்ள ‘என்ஜாய் தி சைலன்ஸ்’ பாட்டை அந்தக் குழுவின் மார்ட்டின் கோர் ஆர்மோனியத்தோடு மெதுவாகத்தான் அமைத்திருந்தார். தாளத்தை வேகப்படுத்தலாம் என்றவர் அதே குழுவின் ஆலன் வைல்டர். கோருக்கு அது முதலில் பிடிக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் கேட்டுப் பார், அத்தனை சின்தசைசருக்கு அடியிலும் அந்த ஆர்மோனியத்தின் நிதானம் குரலில் இருக்கிறது. மெட்டு சத்தியமாகப் பிறந்திருந்தால் எதில் வாசித்தாலும் உயிர் இருக்கும். என் கட்சி இதுதான்.

ரேடியோஹெட் குழுவின் ஆல்பங்களில் உனக்கு ‘ஓகே கம்ப்யூட்டர்’, எனக்கு ‘கிட் ஏ’ (2000). கிட்டாரால் பேர் வாங்கியவர்கள் அதையே ஓரமாக வைத்துவிட்டுச் செய்த ஆல்பம், அந்தத் துணிச்சலுக்கே கும்பிடலாம். அதிலுள்ள ‘இடியோடெக்’ பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சுரக்கோவை, இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1973இல் கணினியில் செய்த இசையிலிருந்து எடுத்த துணுக்கு. அதன்மேல் குழுவின் பாடகர் தாம் யார்க் பதறிப் பதறிப் பாடும்போது எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

டாஃப்ட் பங்க் இரட்டையரின் 2013 ஆல்பத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கைதேர்ந்தவர்களை உட்காரவைத்து நிஜக் கருவிகளில் வாசித்தது, ஆனால் மெருகு கூடிப்போய் மனசில் ஒட்டவில்லை. அதில் டிஸ்கோ இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் தன் கதையைச் சொல்லும் பாட்டு மட்டும் பொக்கிஷம்.

சரி, எப்போது வருகிறாய்? சரண்ஜித் சிங் 1980களின் தொடக்கத்தில் ராகங்களை டிஸ்கோ தாளத்தோடு ரோலண்ட் மின்னிசைக் கருவிகளில் வாசித்த ஆல்பம் உன்னிடம் இருக்கிறதல்லவா, மறக்காமல் எடுத்து வா. ஆத்தா உன்னை விசாரித்தார்கள்.

அன்புடன்,
வள்ளி