500 பவுண்ட் கம்பளம்

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனில் கதைத்ததை அம்மா முழுவதும் சொன்னாள். ஸ்பீக்கர் வாங்கிய கணக்கில் உனக்கும் உன் தோழிக்கும் பேச்சே நின்றுவிட்டதாமே. பாட்டு எழுதுவது நீ, மெட்டுப் போடுவது அவள், சண்டை மட்டும் ஸ்பீக்கருக்காக! எனக்கு நம்முடைய லண்டன் ஹாரோக்காரர் ஒருவருடைய ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் ஹாரோ வீல்ட் காட்டுப் பக்கம் உன்னை நடக்கக் கூட்டிப் போவேனே, அங்கே கிரிம்ஸ் டைக் என்று ஒரு மாளிகை, இப்போது ஹோட்டல். அதில் குடியிருந்தவர் டபிள்யூ. எஸ். கில்பர்ட். விக்டோரியா ராணி காலத்தில் சிரிப்பு ஓபராக்களுக்கு, அதாவது பாட்டாலே நடக்கிற நாடகங்களுக்கு, கதையும் பாட்டும் எழுதியவர். மெட்டுப் போட்டவர் ஆர்தர் சல்லிவன். 1871 முதல் 1896 வரை இருவரும் சேர்ந்து செய்தது 14 நாடகங்கள். 'மிகாடோ' ஒன்றே முதல் ஓட்டத்தில் 672 தடவை மேடையேறியது.

குணத்தில் இருவரும் ஏழாம் பொருத்தம். கில்பர்ட் கறாரான ஆள். வீட்டில் குட்டி மேடை செய்து, மரக்கட்டைகளை நடிகர்களாக நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் ஒத்திகைக்குப் போவார். சல்லிவனுக்கோ, பெரிய இசை செய்ய வேண்டிய நான் இவருடைய சொல்லுக்குத் தாளம் போடுகிறேனே என்ற குறை. மந்திர மாத்திரை விழுங்கி ஆள் மாறுகிற கதையையே கில்பர்ட் திரும்பத் திரும்ப நீட்ட, சல்லிவன் முடியாது என்றுவிட்டார். அந்த இழுபறிக்குப் பிறகுதான் 'மிகாடோ' வந்தது.

இவர்களைக் கட்டி வைத்திருந்தவர் மூன்றாமவர், டொய்லி கார்ட் என்ற முதலாளி. 1881இல் சவாய் அரங்கைக் கட்டி, முழுவதும் மின்விளக்கு போட்டார். உலகத்திலேயே அப்படி ஒளியேற்றிய முதல் பொதுக் கட்டடம் அது. பயந்த சனத்துக்கு முன்னால் எரிகிற பல்பை மேடையில் உடைத்தே காட்டினாராம், ஆபத்தில்லை என்று. செலவு போக மிச்சத்தை மூவரும் சமமாகப் பிரிப்பது ஒப்பந்தம்.

1890இல் கில்பர்ட் இந்தியாவுக்குப் பயணம் போய்த் திரும்பி வந்து கணக்கைப் பார்க்கிறார். அவர்களுடைய 'கொண்டலியர்ஸ்' நாடகச் செலவு 4,500 பவுண்ட். அதில் அரங்கின் முன்கூடத்துக் கம்பளத்துக்கு 500 பவுண்ட் என்று அவர் காதில் விழுந்தது. உண்மையில் 140தான். ஆனால் அரங்கு கார்ட்டுடையது, கம்பளத்துக்கு நான் ஏன் காசு தர வேண்டும் என்று கேட்டார். நியாயம் அவர் பக்கம்தான் என்பேன், கத்திய கத்தல்தான் பிழை. சல்லிவன் கார்ட் பக்கம் சாய்ந்தார். சல்லிவனுடைய பெரிய ஓபராவுக்காகத்தான் கார்ட் அப்போது புது அரங்கு கட்டிக்கொண்டிருந்தார். வழக்கு நீதிமன்றம் போனது. சல்லிவன் எதிராகச் சத்தியக் கடதாசி கொடுத்ததுதான் கில்பர்ட்டை உள்ளே சுட்டது, கம்பளம் அப்புறம்.

பிறகு இருவரும் வேறு வேறு ஆட்களோடு எழுதிப் பார்த்தார்கள். பழைய ருசி வரவில்லை. 1893இல் மறுபடி சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு செய்த இரண்டு நாடகங்களும் முந்தியவை போல ஓடவில்லை. 1900இல் சல்லிவன் போய்விட்டார்.

போன மாதம் தேம்ஸ் கரைப் பூங்காவில் அவருடைய சிலையைப் பார்த்தேன். கீழே ஒரு பெண் சாய்ந்து அழுகிறாள். பக்கத்தில் நாலு வரி: வாழ்க்கை வரமென்றால், சாவு எப்போது கூப்பிட்டாலும் அது நேரத்துக்கு முந்தித்தான் என்பது போல. எழுதியது கில்பர்ட், அவர்கள் சேர்ந்து செய்த நாடகத்துப் பாட்டு.

சரி, ஸ்பீக்கர் பில்லை எனக்கு அனுப்பு, நானும் ஒருக்கால் பார்க்கிறேன். அம்மா பருத்தித்துறை வடை இரண்டு பையில் கட்டி அனுப்புகிறாள். ஒரு பை உனக்கில்லை.

அன்புடன்,
அப்பா