சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு…

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு மலைக் கிராமப் பள்ளிகளில் நடக்கும் மருத்துவப் பரிசோதனை பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். மகிழ்ச்சி. இந்த மலையில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவள் என்பதால், பரிசோதனை முடிந்து வண்டி கிளம்பிய பிறகு என்ன ஆகிறது என்பதையும் எழுதத் தோன்றியது.

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். எங்கள் பள்ளிக்கு வந்தவர்கள் பொறுமையாகவே பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து நிற்பாள். மந்தமான பிள்ளை என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. காது சரியாகக் கேட்கவில்லை என்று கண்டுபிடித்து, சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

அந்தச் சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் மாதக்கணக்கில் கிடந்தது. அவளுடைய அம்மாவைக் குறை சொல்லவே மாட்டேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. ஒரு நாள் கீழே இறங்கினால் அன்றைய கூலி போய்விடும். ஊரிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து சேலத்துக்கு இன்னொரு பஸ். போய்ச் சேர்வதற்குள் ஓ.பி. சீட்டு நேரம் முடிந்துவிடும் என்ற பயம் வேறு. கடைசியில், தம்பிக்குத் தடுப்பூசி போட வந்த கிராம சுகாதார செவிலியர் தற்செயலாக அதைப் பார்த்து, தானே கூட்டிக்கொண்டு போனார். சிகிச்சைக்கு அப்புறம் பிள்ளை வகுப்பில் வாய் திறந்து பேச ஆரம்பித்தாள். அந்தச் செவிலியர் கண்ணில் படாமல் போயிருந்தால்?

தனித்தனியாக எல்லோரும் வேலை செய்கிறார்கள். கர்ப்பத்திலேயே தாய்க்கு பிக்மி என்ற பதிவு எண், அங்கன்வாடியில் போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலி, பள்ளியில் எமிஸ் என்ற மாணவர் பதிவு எண் என்று சுகாதாரம், சமூக நலம், கல்வி ஆகிய மூன்று துறைகளும் ஒரே பிள்ளையைப் பதிவு செய்து வைத்திருக்கின்றன. ஆனால் எடை குறைவு என்று அங்கன்வாடி அக்கா குறித்து வைத்தது, அதே பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும்போது டீச்சருக்குத் தெரிவதில்லை. உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகும் பழங்குடிப் பிள்ளைகள் என்றால் இன்னொரு துறையும் சேர்ந்துகொள்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் வந்து குழந்தைத் திருமணம் நின்ற பிறகும் இதே கதைதான். அந்தப் பெண் மறுபடி பள்ளிக்கு வந்தாளா என்று பார்ப்பது யார் பொறுப்பு?

இதற்காகப் புதிதாக ஒரு குழு வேண்டாம். ஊராட்சி அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், ஆசிரியர் எல்லோருக்கும் ஏற்கெனவே இடம் உண்டு. அங்கன்வாடியில் மாதம் ஒரு முறை சுகாதார, ஊட்டச்சத்து நாளும் நடத்த வேண்டும் என்றிருக்கிறது. அன்றைக்கு இவர்கள் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து, சீட்டு வாங்கிய பிள்ளைகளின் பெயரைப் படித்து, யார் போனார்கள், யார் போகவில்லை என்று பார்த்தாலே பாதிக் காரியம் முடிந்தது. போகாத ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவர் பொறுப்பு என்று அங்கேயே எழுதிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்பதும் ஒரு வரியாவது பள்ளிக்குத் திரும்பி வர வேண்டும். அப்போதுதான் அந்தப் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது, எதைக் கவனிப்பது என்பது டீச்சருக்குப் புரியும்.

பஸ் விஷயத்தை மட்டும் ஊராட்சியால் தீர்க்க முடியாது. மாதத்தில் ஒரு நாள் ஏற்காடு ஒன்றியத்திலிருந்து இந்தப் பிள்ளைகளையும் கூட வருபவர்களையும் சேலத்துக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட ஒரு வண்டி வேண்டும். நவம்பரில் காப்பி அறுவடை தொடங்குவதற்குள் இதற்கு ஏற்பாடு செய்யுமாறு மாவட்ட ஆட்சியரைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.