பதிவேட்டில் 43 நாவல்கள்: ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க் ஒருவரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுக் கடைசி ஞாயிறு இணைப்பில், இந்த வருடம் வாசிக்கத்தக்க நாவல்கள் என்று முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல பட்டியல்தான். ஆனால் அதில் ஒரு கொலைகூட விழவில்லை, ஒரு மந்திரவாதிகூட எட்டிப் பார்க்கவில்லை. போதாததற்கு, துப்பறியும் கதையும் மாயக்கதையும் ரயிலில் வாசித்துவிட்டு சீட்டிலேயே விட்டுவரத் தக்கவை என்ற பொருளில் முன்னுரையில் ஒரு வரி வேறு. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவள். நீதித்துறையில் 29 வருடம். சான்றுப் பொருளுக்கு எண் போட்டு, சாட்சி வரிசையைச் சரிபார்த்து, நீதிபதி ஐயா கேட்கும் கேஸ் கட்டைக் கேட்பதற்கு முன்னால் நீட்டிப் பழகிய கை. வேலைக்குச் சேர்ந்தபின் துப்பறியும் நாவல் பக்கமே போனதில்லை. திருநெல்வேலியில் அல்வா கிண்டுகிறவர் வீட்டுக்குப் போய் அல்வாவா தின்பார்?

போன தை மாதம் தங்கை மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். "கரையான் வராம பாத்துக்கோங்க பெரியம்மா" என்று இரண்டு அட்டைப்பெட்டிகளை என் வீட்டில் இறக்கிவிட்டாள். கரையான் இருக்கிறதா என்று பிரித்தவள்தான், நானே கரையானாகிவிட்டேன். பழைய டைரியில் கோடு போட்டு, நூலின் பெயர், கோப்புக்கு எடுத்த தேதி, முடிவு என்று பதிவேடே ஆரம்பித்தேன். பெட்டியில் இருந்தவை, நூலகத்தில் எடுத்தவை எல்லாம் சேர்த்து வருடக் கடைசியில் 43. துப்பறியும் கதை 26, மாயக்கதை 17. முடித்தது 31, பாதியில் தள்ளுபடி 9, நிலுவை 3. நிலுவையில் இரண்டு என் குற்றமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

துப்பறியும் கதைகள்மேல் எனக்குள்ள பெரிய பிராது கடைசி அத்தியாயம்தான். எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்துத் துப்பறிபவர் அரைமணி நேரம் பேசுவார். குற்றவாளி முகம் வெளிறி, "ஆமாம், நான்தான்" என்பான். முற்றும். எங்கள் கோர்ட்டில் அங்கேதான் தலைவலியே தொடங்கும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது பிரிவு 25. 2024 ஜூலையிலிருந்து வந்திருக்கும் புதுச் சட்டத்தில் 23. அந்த வாக்குமூலத்தால் ஏதாவது பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் ஏற்றுக்கொள்வார்கள். அதனால்தான் நம் ஊர் வழக்குகளில் எல்லாக் குற்றவாளிகளும், "என்னை அழைத்துச் சென்றால் அரிவாளை மறைத்து வைத்த இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன்" என்று ஒரே நடையில் பேசுகிறார்கள். அகதா கிறிஸ்டியின் குற்றவாளிகள் ஒருவர்கூட இப்படிப் பேசக் காணோம். நாவலை நாவலாக வாசிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கை அரிக்கிறது, என்ன செய்ய?

அந்த அரிப்பை மறக்கவைத்தது கெய்கோ ஹிகாஷினோ 2005இல் ஜப்பானிய மொழியில் எழுதிய 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. கொலை தொடக்கத்திலேயே நம் கண்முன் நடந்துவிடுகிறது. சாப்பாட்டுப் பொட்டலக் கடையில் வேலைபார்க்கும் யாசுகோ, தேடிவந்து தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனை மகளும் கைகொடுக்க ஒயரால் நெரித்துவிடுகிறாள். குளிர்காலத்தில் கால் நுழைத்து உட்காரும் மேஜை அங்கே உண்டாம், அடியில் சூடேற்றும் கருவி. அதன் ஒயர். நானாக இருந்தால் அதற்குச் சான்றுப் பொருள் எண் 1 என்று அட்டை கட்டியிருப்பேன். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் இஷிகாமி கதவைத் தட்டி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். யார் கொன்றது என்ற கேள்விக்கே வேலையில்லை, ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. தாயும் மகளும் போனதாகச் சொன்ன சினிமாவின் கிழித்த டிக்கெட்டோடு போலீஸ் மல்லுக்கட்டும் பக்கங்களில் எனக்கு ஆபீஸ் வாசனையே அடித்தது. அன்று குழாயில் தண்ணீர் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. மறுநாள் முழுக்கப் பழைய குடத்துத் தண்ணீரில் ஓட்டினேன்.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. முடிவைத் தியாகம் என்று சொல்லி வாசித்தவர்கள் உருகுகிறார்கள். அந்த நாவலில் யாருமே அழாத ஓர் ஆள் இருக்கிறார். யார் என்று சொன்னால் இனி வாசிக்கப் போகிறவர்கள் சோற்றில் மண் போட்டதாகும். எனக்கு அவரை நினைத்துத்தான் இரண்டு நாள் தூக்கம் சரியில்லை.

தமிழில் ராஜேஷ்குமார் 1,500க்கும் மேல் நாவல் எழுதியவர். பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல்களால் வாசிப்புப் பழக்கம் வந்த டைப்பிஸ்ட்டுகள் எங்கள் ஆபீஸிலேயே நாலு பேர். மாத நாவலின் வேகம் லேசில் வராது. இரண்டு கதைகளைத் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடவிட்டுக் கடைசியில் ஒரே ஸ்டேஷனில் நிறுத்துவது பெரிய வித்தை. ஆனால் அங்கே தடய அறிவியல் ரிப்போர்ட் காலையில் கேட்டால் சாயங்காலம் வந்துவிடுகிறது. நாங்கள் மாதக்கணக்கில் நினைவூட்டுக் கடிதம் அனுப்புவோம்.

சுஜாதாவின் 'கொலையுதிர் கால'த்தை மறுபடி வாசித்தேன். குமுதத்தில் தொடராக வந்தபோது, யார் முதலில் வாசிப்பது என்று வீட்டில் அடிதடி. அன்றைக்குப் பயந்த இடத்தில் இப்போது சிரிப்பு வந்தது. ஆனால் இது விஞ்ஞானமா, பேயா என்று துப்பறியும் வக்கீல்கள் கணேஷையும் வசந்தையும் மோதவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு சுஜாதா நழுவிப் போகும் சாமர்த்தியம் இன்னும் பழசாகவில்லை. உங்கள் பட்டியல்காரர் இதை எந்த அலமாரியில் வைப்பார், துப்பறியும் கதையிலா மாயக்கதையிலா?

மாயக்கதை என்றால் எனக்குத் தெரிந்தது அம்புலிமாமா வேதாளம்தான். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து, வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். இவ்வளவு இறுக்கமான ஷரத்தை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அதைப் பிடித்துக்கொண்டேதான் 17 மாயக்கதைகளையும் அளந்தேன். இங்கே மந்திரத்துக்குச் சட்டம் உண்டா, அந்தச் சட்டம் கதாநாயகனையும் கட்டுமா? தள்ளுபடியான ஒன்பதில் ஆறு இந்தக் கேள்வியில் விழுந்தவை. அறுநூறு பக்கம் தாண்டி, ஆபத்து வந்த நேரத்தில் நாயகனுக்குத் திடீரென்று ஒரு புதுச் சக்தி பிறக்கும். முன்தேதியிட்டுச் சட்டம் திருத்துகிற வேலை.

அர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968இல் வந்த மெல்லிய புத்தகம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர், அது தெரிந்தால்தான் மந்திரம் பலிக்கும். ஒன்றை மாற்றினால் உலகத்தின் நிறை எங்கோ சாயும். ஆடு மேய்த்த பையன் கெட், செம்பு நிறத்தவன், மந்திரப் பள்ளியில் சக மாணவனிடம் வீம்பு பிடித்துச் செத்தவளைக் கூப்பிடுகிறான். கூடவே ஒரு நிழல் வந்துவிடுகிறது. வாதி, பிரதிவாதி, நீதிபதி எல்லாமே அவன்தான். ஓர் இடத்தில்கூட ஆசிரியை அவனுக்குச் சலுகை காட்டவில்லை. நான் எழுந்து நின்று கும்பிட்ட புத்தகம்.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களை (1954-55) சாம் என்ற தோட்டக்காரனுக்காக முடித்தேன். பாட்டுகளை எல்லாம் தாண்டித்தான் போனேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

இனி அந்த நிலுவை. பேட்ரிக் ராத்ஃபஸ் 'தி நேம் ஆஃப் தி விண்ட்' என்று 2007இல் தொடங்கினார். இரண்டாம் பாகம் 2011. மூன்றாவது, இதை எழுதும் நாள்வரை வரவில்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று டிவியில் வந்த ஜார்ஜ் மார்ட்டினின் சிம்மாசனக் கதையிலும் ஐந்தாம் பாகம் 2011, ஆறாவதுக்கு வாய்தா மேல் வாய்தா. சிவில் வழக்கு இழுத்துப் பார்த்திருக்கிறேன், அதிலாவது அடுத்த தேதி போடுவார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது சைனா மியேவிலின் 'தி சிட்டி அண்ட் தி சிட்டி' (2009). கொலையும் உண்டு, மாயம் போன்ற ஒன்றும் உண்டு. பெஷெல், உல் கோமா என்று இரண்டு நகரங்கள், இரண்டும் ஒரே நிலத்தில். ஒரே தெருவில் இந்த நகரத்தாரும் அந்த நகரத்தாரும் தோளுரச நடப்பார்கள், ஆனால் ஒருவர் கண்ணில் மற்றவர் படக்கூடாது. பட்டாலும் பார்க்காததாக ஆக்கிக்கொள்ள வேண்டும். குழந்தையிலிருந்தே அதற்குப் பழக்குகிறார்கள். மீறினால் ஆளைக் காணாமலாக்கிவிடும் ஓர் அதிகாரம் இருக்கிறது. இப்படியெல்லாம் நடக்குமா என்று தங்கை மகள் புத்தக ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தாள். எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

எங்கள் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண். கணவன் வெட்டுப்பட்டதைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவள். போலீஸில் ஐந்து பேர் பெயரையும் வரிசையாகச் சொன்னவள். கூண்டில் ஏறி ஐந்து பேரையும் ஒருவர் விடாமல் பார்த்தாள். "இவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுய்யா" என்றாள். ஐவரில் ஒருவன் அவளுக்குப் பக்கத்து வீடு, கதவு எண் அடுத்த எண். அரசு வக்கீல் அதைக் கேட்டார். "பக்கத்து வீட்ல யாரு இருக்கான்னு நான் பாத்ததில்ல" என்றாள். சணல் கட்டி அட்டை தொங்கவிட்ட அரிவாள் என் மேஜையில்தான் கிடந்தது. அந்தப் பக்கம் மட்டும் அவள் தலை திரும்பவே இல்லை. பிறழ் சாட்சி என்று ஏட்டில் எழுதினோம். பஸ் போகிற ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி என்று இருக்கிற இடங்களில் பிறந்தவர்களுக்கு மியேவிலின் நகரத்துக்கு வழி கேட்கத் தேவையில்லை. ரயில் சீட்டில் விட்டுவரச் சொன்ன சாமானில்தான் இதுவும் இருக்கிறது, ஐயா.

டெர்ரி பிராட்செட்டின் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) பற்றி ஒரு வார்த்தை. அந்த நகரத்தில் திருடர்களுக்குச் சங்கம் உண்டு, திருடினால் ரசீது கொடுப்பார்கள். சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவந்த வெள்ளந்தியான புது போலீஸ்காரன் அந்தச் சங்கத் தலைவரையே கைதுசெய்துவிடுகிறான். பயிற்சி முடித்து வந்த புதிதில் எத்தனை எஸ்.ஐ.க்களை அப்படிப் பார்த்திருக்கிறேன்! வாய்விட்டுச் சிரித்ததில் எதிர்வீட்டம்மா வந்து என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அறிவியல் கதைக்கும் மாயக்கதைக்கும் தருகிற ஹ்யூகோ விருதை 2025இல் பெற்ற 'தி டெயின்டட் கப்', ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதியது. கண்ணைக் கட்டிக்கொண்டு துப்பறியும் ஒரு கிழவி. பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே மனதில் பதித்துவந்து அவளிடம் ஒப்பிக்கும் ஓர் உதவியாளன். பெஞ்ச் கிளார்க் என்று அவனுக்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். செத்தவன் உடம்பைக் கிழித்துக்கொண்டு செடி முளைக்கிறது. பிரேதப் பரிசோதனை டாக்டரை நினைத்துப் பாவமாக இருந்தது.

என் விண்ணப்பம் சின்னது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, அரைப் பக்கம், இந்த இரண்டு வகைக்கும் ஒதுக்குங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் கொலையாளி பெயரை மட்டும் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' (1926) வாசித்தேன். அதில் கொலையாளி யார் என்பதுதான் புத்தகத்தின் உயிரே. நான் எடுத்த நூலகப் பிரதியின் ஒன்பதாம் பக்கத்தில் எந்தப் புண்ணியவானோ அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, இரண்டு கோடும் போட்டிருந்தார். வயிறு எரிந்துகொண்டே வாசித்து முடித்தேன்.

திருப்பிக் கொடுக்கும் முன் ரப்பர் வைத்து அழித்துவிட்டேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தடம் இன்னும் லேசாகத் தெரிகிறது. சாட்சியத்தை மறைத்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 201, புதியதில் 238. நூலகர் புகார் கொடுத்தால் ஒப்புக்கொள்கிறேன், போலீஸிடம் அல்ல, மாஜிஸ்திரேட் முன்னால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்,
பாளையங்கோட்டை.