சொல்லாமல் மட்டும் குடுக்காதேங்கோ

ஸ்காபரோ
மே 12

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. நீங்களும் அப்பாவும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். இங்கே நாங்களும் நல்ல சுகம். மகளின் சலரோகத்துக்குச் சாப்பாடும் மருந்தும் எப்படி என்று நீங்கள் கேட்டதுக்குப் போனில் பதில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், மிச்சப் பாதியை நெல்லியடிச் சித்தி தன் பாட்டில் திருத்திச் சொல்லிவிடுவா. அதனால் எழுதுகிறேன். ஆடி விடுதலைக்குப் பிள்ளையைக் கூட்டி வர முன்னம் நீங்களும் அண்ணியும் இதை வாசியுங்கோ. சாப்பாட்டுக் கணக்கு எழுதிய பக்கத்தைக் குசினிக் கதவில் ஒட்டுங்கோ.

முதலில் சித்தியின் கேள்வி. இனிப்பைக் கனக்கக் குடுத்துத்தான் பிள்ளைக்குச் சலரோகம் வந்ததோ என்று கேட்டிருக்கிறா. இல்லை. அப்பாவுக்கு இருப்பது ஒரு சலரோகம், இவளுக்கு இருப்பது வேறு. அப்பாவின் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, சரியாக வேலை செய்வதில்லை. அதனால் குளிசையோடும் நடையோடும் சமாளிக்கிறார். இவளுக்குச் சுரக்கிற கலங்களே இல்லாமல் போகின்றன. கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி, கணையத்தில் இருக்கிற அந்தக் கலங்களை எதிரியென்று நினைத்து அழித்துவிட்டது. இதுதான் முதலாம் வகை. இனிப்பாலும் வருவதில்லை, கண்ணூறாலும் வருவதில்லை, உங்கள் மருமகன் பக்கத்துக் குற்றமும் இல்லை. இதைச் சித்திக்கு வாசித்துக் காட்டுங்கோ.

பாகற்காய்ச் சாறும் பரியாரியாரின் சூரணமும் பற்றி எழுதியிருந்தீர்கள். பாகற்காயைக் கறியாக வையுங்கோ, தின்றால் தின்னட்டும். ஆனால் ஊசிக்குப் பதிலாக ஒன்றும் இல்லை. இன்சுலின் நின்றால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கீற்றோன் என்கிற அமிலம் இரத்தத்தில் ஏறும். ஒன்றிரண்டு நாளுக்குள் உயிருக்கே ஆபத்தாகும். இன்சுலின் கண்டுபிடிக்க முன்னம் இப்படிப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்சக் காலம் இழுத்து வைத்திருந்தார்கள். அந்த மருந்து பிறந்ததே இந்த ஊரில்தான் அம்மா. 1921இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பான்டிங்கும் பெஸ்டும் தொடங்கினார்கள். 1922 தை மாதம், நாங்கள் போகிற பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கிற டொரண்டோ ஜெனரலில், லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பொடியனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரிவரவில்லை. கொலிப் என்பவர் மருந்தை இன்னும் சுத்தமாக்கிக் குடுக்க, இரண்டாம் முறை பொடியன் தேறினான். மருந்தின் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் குடுத்தார்கள். குளிருக்கும் வாடகைக்கும் இந்த ஊரை நான் எவ்வளவு திட்டினாலும், இதுக்காக ஒரு கும்பிடு போடலாம்.

இனிச் சாப்பாடு. இவள் சாப்பிடக் கூடாதது என்று ஒன்றும் இல்லை. சோறு, புட்டு, இடியப்பம், மாம்பழம், மோதகம் எல்லாம் குடுக்கலாம். எவ்வளவு மாப்பொருள், அதாவது இரத்தத்தில் சீனியாக மாறுகிற சத்து, உள்ளே போகிறது என்று தெரிந்தால் அதுக்கு அளவாக ஊசி போடலாம், அவ்வளவுதான். இப்போதைக்கு இவளுக்கு டொக்டர் சொன்ன அளவு 30 கிராம் மாப்பொருளுக்கு ஒரு யூனிட் இன்சுலின். இது 16 கிலோ நிறையுள்ள இந்தப் பிள்ளையின் கணக்கு. வளர வளர மாறும், வேறு பிள்ளைக்குப் பொருந்தாது. ஊசி போடுகிற இன்சுலின் பேனை அரை யூனிட் அரை யூனிட்டாகத் திரும்பும். ஊசியை நானோ இவரோதான் போடுவோம், அந்தப் பயம் வேண்டாம். சாப்பாட்டின் நிறையைப் பார்த்துச் சொல்வது மட்டும் உங்கள் வேலை.

அதுக்கு ஒரு டிஜிட்டல் தராசு வேண்டும். பழைய படிக்கல் தராசு சரிவராது, ஒரு கிராம் காட்டுகிறது வேண்டும். வெறும் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டுச் சாப்பாட்டைப் போடுங்கோ. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருள். மாம்பழச் சதை 100 கிராமில் 15. சின்னக் கதலி ஒன்றின் சதை 50 கிராம் வந்தால் 11, 12 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம். பால் 250 மில்லி என்றால் 12. முட்டை, மீன், கீரை, வெள்ளரிக்காய் இவற்றுக்குக் கணக்கே பார்க்க வேண்டாம். சாப்பாட்டு நேரம் அல்லாமல் பசி என்று வந்து நின்றால் அவித்த முட்டைதான் எல்லோருக்கும் நிம்மதி.

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் புத்தகத்துக் கணக்கை நம்ப முடியாது. ஒவ்வொரு வீட்டுப் புட்டும் ஒவ்வொரு ஈரம். மாவிலிருந்தே தொடங்க வேண்டும். குழைக்க முன்னம் மாவை நிறுங்கோ. 100 கிராம் அரிசிமாவில் ஏறத்தாழ 80 கிராம் மாப்பொருள். 250 கிராம் மா எடுத்தால் 200. தண்ணீரில் ஒன்றும் இல்லை, தேங்காய்ப்பூவில் மிகக் கொஞ்சம். அவித்து இறக்கிய புட்டு முழுவதையும் நிறுங்கோ. 600 கிராம் வந்தால் அந்த 600இல் 200 இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு. இவளுடைய கோப்பையில் 90 கிராம் போட்டால் 30 கிராம் மாப்பொருள், ஒரு யூனிட். இடியப்பத்துக்கும் இதே வழிதான். உங்களுக்கு ஒரு தரம் பிடிபட்டால் பிறகு கையே சொல்லும். மாவுக்கு உப்பு நிறுத்தா போடுகிறீர்கள்?

ஊசி போட்டு 15 நிமிடம் கழித்துச் சாப்பிடுவதுதான் முறை. மருந்து 10, 15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், ஒரு மணித்தியாலம் ஒன்றரையில் உச்சத்துக்குப் போகும், மூன்று நாலு மணித்தியாலம் நிற்கும். இதில் பிழைக்கிற இடம், ஊசி போட்ட பிறகு பிள்ளை பாதியில் கோப்பையைத் தள்ளிவிடுவது. மருந்து உள்ளே போய்விட்டது, சாப்பாடு போகவில்லை, இரத்தத்தில் சீனி இறங்கும். அப்போது அடம்பிடிக்க வைத்துத் தீத்த வேண்டாம். விட்டது எவ்வளவு என்று நிறுத்துச் சொல்லுங்கோ. அந்த மாப்பொருளைப் பாலாகவோ பழமாகவோ குடுப்போம். மற்ற இடம் கொழுப்பு. வடை, தேங்காய்ப்பால் விட்ட கறி, பொரித்த ரொட்டி இவை சீனியை உடனே ஏற்றாமல் இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து ஏற்றும். பின்னேரம் வடை தின்றால் இரவு படுக்கும்போதுதான் தெரியவரும். அதைக் கண்டு உடனே இன்னொரு ஊசி போடவும் கூடாது. முதல் மருந்து இன்னும் உள்ளே நிற்கும், இரண்டும் சேர்ந்து சாமத்தில் இழுத்து விழுத்தும்.

அப்பாவுக்கு ஒரு குறிப்பு. இங்கே இரத்தத்துச் சீனியைப் பார்க்கிற மீற்றர் காட்டுகிற இலக்கமும் அங்கே மந்திகை ஆஸ்பத்திரியில் எழுதித் தருகிற இலக்கமும் வேறு. இங்கத்தையதை 18ஆல் பெருக்கினால் அங்கத்தையது. 4 என்றால் 72, 10 என்றால் 180. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றால் நல்லது. "5 தான் காட்டுது" என்று அப்பா பதறக் கூடாது.

4க்குக் கீழே போனால் செய்ய வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கோ. முகம் வெளிறும், பிடரி வேர்க்கும், காரணமில்லாமல் அழுவாள் அல்லது திடீரென்று பேச்சுக் குறையும். உடனே 10 கிராம் சீனி: இரண்டரைத் தேக்கரண்டி சீனியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துக் குடுங்கோ. பாலோ சொக்லேட்டோ வேண்டாம். அவற்றில் இருக்கிற கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் பொறுத்து விரலில் குத்திப் பாருங்கோ, ஏறாவிட்டால் இன்னொரு தரம். குத்த முன்னம் கையைக் கழுவித் துடையுங்கோ. மாம்பழம் தொட்ட விரலில் குத்தினால் மீற்றர் பொய் சொல்லும். கையில் ஒட்டியிருக்கிற சென்சரும் சில நேரம் பொய் சொல்லும். அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் அழுத்தத்தில் குறைத்துக் காட்டிக் கத்தும். திருப்பிப் படுக்கவைத்து விரலில் பாருங்கோ.

மயங்கிவிட்டால் வாய்க்குள் ஒன்றும் விடக் கூடாது, தண்ணீர்கூட வேண்டாம். பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கோ. நான் கொண்டு வருகிற மஞ்சள் குழாயில் மூக்குக்குள் அடிக்கிற, சீனியை ஏற்றுகிற குளூக்ககன் தூள் இருக்கும். ஒரு மூக்குத் துவாரத்தில் நுனியை வைத்து அடியை முற்றாக அமத்தினால் போதும், பிள்ளை மூச்சு இழுக்கத் தேவையில்லை. ஒன்றே ஒன்றுதான் உள்ளே இருக்கிறது. வேலை செய்யுதோ என்று முன்னம் அமத்திப் பார்த்தால் மருந்து போய்விடும். அண்ணாவின் பொடியன்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கோ.

சத்தி, காய்ச்சல் வந்தால் சாப்பிடாத பிள்ளைக்கு எதுக்கு ஊசி என்று எல்லோருக்கும் தோன்றும். அங்கேதான் ஆபத்து. காய்ச்சலில் சீனி ஏறும், இன்சுலின் கூடத் தேவைப்படலாம். இரவில் போடுகிற நீண்ட நேர ஊசியை எந்த நாளும் விட முடியாது. வயிற்றுவலி, பெரிய பெரிய மூச்சு, வாயில் பழவாசம் இருந்தால் கை வைத்தியம் பார்க்காமல் மந்திகைக்கு. வாசலிலேயே "முதலாம் வகைச் சலரோகம்" என்று சொல்லிவிடுங்கோ, இல்லாவிட்டால் வெறும் சத்தி என்று நினைத்துவிடுவார்கள்.

மருந்தை வைக்கிற இடம். திறக்காதவை ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் இருக்கட்டும், ஐஸ் பெட்டிக்குக் கிட்ட வேண்டாம். ஒரு தரம் உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க முந்தி மாதிரியே இருக்கும், ஆனால் எறியத்தான் வேண்டும். இங்கே மாரியில் அதனால்தான் பேனையைப் பைக்குள் வைக்காமல் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு திரிகிறோம். விமானத்திலும் கையோடுதான் வரும். பாவிக்கிற பேனை 30 பாகைக்குக் கீழே 28 நாள் தாங்கும். கரண்ட் நின்றால் அம்மம்மாவின் பழைய மண் முட்டியை எடுங்கோ. முட்டிக்குள் சின்னச் சட்டி, இரண்டுக்கும் நடுவில் ஈர மணல், மேலே ஈரச் சாக்கு, காற்றோட்டமான நிழலில் வைத்தால் உள்ளே குளிரும். பேனையைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கோ. புழுக்கமான நாளில் இது அவ்வளவு குளிராது. அப்போது அண்ணா ஐஸ் கடையில் கட்டி வாங்கித் துணியில் சுற்றிப் பேனையில் முட்டாமல் தள்ளி வைக்க வேண்டும்.

மேல் மாடிப் போர்த்துக்கீசக் கிழவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்னும் அப்படியேதான். அவரும் சலரோகக்காரர். லிஃப்டுக்குள்ளேயே விரலில் குத்திப் பார்த்து, தன் இலக்கத்தைச் சத்தமாகச் சொல்வார். இவள் தன் இலக்கத்தைச் சொல்ல வேண்டும். யாருடையது நல்லதோ அவர் வென்றார். கூடினால் அவர் காலநிலையைக் குற்றம் சொல்வார், இவளும் அதைப் பழகிவிட்டாள். இந்தக் கட்டடத்தில் எங்களோடு கதைக்கிற ஆள் அவர்தான். மற்றவர்களும் நல்லவர்கள்தான், எல்லோருக்கும் வேலை.

இவர் இப்போது இரவு வேலை. பகலில் பிள்ளையோடு ஒருவர் நிற்கலாம் என்பதுக்காக எடுத்தது, நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் டொக்டருக்கும் காசு கட்டத் தேவையில்லை. டிக்கெட் இன்னும் போடவில்லை, விலை இறங்கும் என்கிறார்கள்.

கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை காய்த்ததோ? நாங்கள் வரும்போது கொப்பில் ஒன்றிரண்டாவது மிஞ்சுமோ? இங்கே தமிழ்க் கடையில் பெட்டியாக வருகிறது, நிறமும் இருக்கிறது, அதை அறுத்தால் வீடு மணப்பதில்லை. கிணற்றடியில் நின்று தோலோடு கடித்துச் சாப்பிட வேண்டும் போல் இருக்கிறது அம்மா. எனக்கு நிறுத்துத் தர வேண்டாம்.

ஒன்று மட்டும் திருப்பி எழுதுகிறேன். நீங்களோ அண்ணியோ கொம்மந்தறை மாமியோ, "பாவம் பிள்ளை, ஒரு துண்டுதானே" என்று ஒளித்து ஒரு மோதகத்தைக் கையில் வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வைக்கட்டும். ஆனால் சொல்லிவிட்டு வைக்கட்டும். தெரிந்தால் அரை யூனிட்டில் முடிகிற விஷயம். தெரியாவிட்டால் ஏன் ஏறியது என்று இரவு முழுக்கத் தேடி, அளவை மாற்றி, அடுத்த நாள் இறக்கிவிடுவோம். சந்நிதி கோயிலுக்குப் போகும்போதும் இதேதான். மடத்துச் சோற்றை நிறுக்க முடியாது, கண்ணால் மட்டுக் கட்டிக்கொள்வேன். விரதம் பிடிக்க வைக்கிற நேர்த்தியெல்லாம் என் தலையில் போடுங்கோ, பிள்ளையின் தலையில் வேண்டாம்.

இனி வீட்டு விஷயம். தங்கச்சியின் பொருத்தம் நன்றாக இருக்கிறது என்றால் மேற்கொண்டு பேசுங்கோ, எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் தருவதாகச் சொன்ன பங்கு தைக்குள் வரும். இப்போது டொலர் மாற்றுவது நட்டம் என்று இவர் சொல்கிறார். சீதனமாக மேற்குப் பக்கத்து நாலு பரப்புக் காணியை எழுதுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் பங்குக் கிணற்றையும் அதுக்குப் போகிற வழியையும் காணி உறுதியில் தெளிவாக எழுதச் சொல்லுங்கோ. மாமா அந்தக் காலத்தில் வாய்ச்சொல்லில் விட்டதால்தான் இப்போது பக்கத்து வளவுக்காரர் வேலியை நகர்த்துகிறார். அளவையாளரைக் கூப்பிட முன்னம் அண்ணா கோபத்தில் வேலிக் கதியாலைப் பிடுங்கக் கூடாது.

என் கையெழுத்து வேண்டுமென்றால், எனக்குப் பதிலாக ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் குடுக்கிற அற்றோனித் தத்துவத்தை இங்கே இருக்கிற இலங்கைத் துணைத்தூதரகத்தில் முடித்து அனுப்பலாம். அதுக்குப் பழைய உறுதியின் இலக்கமும், எழுதிய நொத்தாரிசின் பெயரும், எல்லை விபரமும் வேண்டும். அண்ணாவை அதைப் படம் பிடித்து இந்தக் கிழமையே அனுப்பச் சொல்லுங்கோ, நாலு மூலையும் தெரிய.

அன்புடன்,
உங்கள் மூத்த மகள்