அண்ணா, எண்ணெய் ஒழுகியது உன்னால் இல்லை

அண்ணா,

அப்பாவின் வருஷத் திதிக்கு நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். சித்தப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள், அதனால் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். அப்பாவின் அம்பாசிடர் வண்டியை விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எண்ணெய் ஒழுகியது நீ பார்த்த வேலையால் இல்லை.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்கணும் என்றார்கள். பழையபேட்டை மெக்கானிக் பாய் அதைக் கேட்டுச் சிரித்தார். "இந்த எஞ்சின்ல பின்னாடி சீலே கிடையாதும்மா. இல்லாததை எப்படி மாத்துவாங்க?" நம்முடையது அந்தப் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தில் மோரிஸ், எம்ஜி கார்களில் வந்ததும் இதே குடும்பம்தான். கிராங்க் தண்டின் பின்முனையில் மரை வெட்டியிருக்கிறார்கள். தண்டு சுற்றச் சுற்ற அந்த மரை எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியே போக வழி இருக்கும்வரை இது சரியாக நடக்கும். வழி அடைத்தால், காற்று எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

பாய் எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். நன்றாகக் காய்ந்ததும் பிளாக் முழுக்க முகப்பவுடரைத் தூவினார் (என் டப்பாதான், காலி). ஸ்டார்ட் பண்ணி, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் பக்கவாட்டில் மூடியிருக்கும் தகடு, அந்த டேப்பெட் சைடு கவரின் கீழ் விளிம்பில் பவுடர் கறுக்க ஆரம்பித்தது. அங்கே கசிந்த எண்ணெய் பிளாக்கோடு இறங்கி, அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் அடியில் சொட்டியது. சொட்டுகிற இடத்தை மட்டும்தான் இத்தனை வருஷம் நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கவரைக் கழற்றியதும் கார்க் பேக்கிங் அப்பளமாக நொறுங்கியது. காற்று வெளியே போகும் பிரீதர் பைப்பில் கம்பி நுழையவில்லை, உள்ளே அவ்வளவு கசடு. பைப்பைச் சுத்தம் செய்து, கவரின் விளிம்பைத் தட்டி நேராக்கி, புது கார்க் போட்டார். "நட்டை முறுக்கி முறுக்கியே தகடு வளைஞ்சிருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் முறுக்கியது யார் என்று உனக்கும் தெரியும்.

நீ கிளட்ச் மாற்றிய பிறகுதான் தரையில் சொட்டு விழுந்தது என்பதையும் பாயிடம் சொன்னேன். கியர்பாக்ஸை இறக்கினபோது பெல் ஹவுசிங்கை உங்கள் அண்ணன் சுத்தமாகத் துடைத்து மாட்டியிருப்பார், அதுவரை அழுக்கில் ஊறியது அப்புறம் தரைக்கு வந்திருக்கும் என்றார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, போர்ட்டிகோவில் வண்டிக்கு அடியில் அப்பா போட்டிருந்த அட்டையைப் பார்த்து அவர்களில் ஒருவர் விசாரித்தார். "எல்லாம் எம் பையன் கைவண்ணம். தொட்டா இப்படித்தான்" என்றார் அப்பா. நீ காபி நீட்டிக்கொண்டிருந்தாய். எத்தனை தடவை சோப்பு போட்டும் போகாத கறுப்பு, எவர்சில்வர் டம்ளரில் உன் கட்டைவிரல் ரேகையாகப் பதிந்திருந்தது. வாங்கியவர் துண்டால் அதைத் துடைத்துவிட்டுக் குடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற நானும் சிரித்தேன். மன்னித்துவிடு என்று எழுதலாம்தான். ஆனால் பட்டுப்புடவை கட்டி நிற்க வைத்த பெண் அந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்?

அதற்காக எத்தனை பொங்கலுக்கு வராமல் இருப்பாய்? அப்பாவுக்கு மூச்சு முட்டிய ராத்திரி, காவேரிப்பட்டணத்திலிருந்து தர்மபுரிக்கு அந்த ஒழுகும் வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டு போனேன். கிளம்பும் முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, இருட்டில் எண்ணெய் ஊற்றினேன். நீ போனில் "ஆம்புலன்ஸ் கூப்பிடலையா?" என்று கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். வாபஸ் வாங்கவும் மாட்டேன்.

உன் ஸ்பானர் செட் டிக்கியில்தான் இருக்கிறது. யார் கேட்டாலும் அப்பா கொடுத்ததில்லை. பாசம் என்று நான் சொல்ல வரவில்லை, அவர் அறுந்த செருப்பைக்கூடத் தூக்கிப்போடாத ஆள். ஆனால் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்தச் செட்டைத் துடைத்துப் பொட்டு வைத்தது அவர்தான்.

தொப்பூர் கணவாயில் இறங்கி, லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் திரும்ப ஏறிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அட்டை போட்டேன். விடிந்து பார்த்தால் ஒரே ஒரு சொட்டு. அது இந்த எஞ்சினின் பிறவிக்குணமாம்.

ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றப் படிவம் 31 நிரப்பிவிட்டேன். அம்மா கையெழுத்துப் போட்டாயிற்று. ஆட்சேபம் இல்லை என்று நீயும் போடவேண்டும். தபாலில் வாங்கிக்கொள்ளலாம் என்றார் புரோக்கர். நான் வேண்டாம் என்றுவிட்டேன். கிருஷ்ணகிரிக்கு நேரில் வா. தொப்பூர் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கியது. பாய் பார்த்துத் தருகிறேன் என்றார். ஆள் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.