வேல்ஸிலிருந்து ரங்காவுக்கு

அபெர்டேர்,
அக்டோபர் 2025

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு நிம்மதியானது. பிஸியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. ஆரம்பத்தில் வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் முட்டி ஒழுங்காக மடங்கும் என்பது உனக்கும் தெரியும். இங்கே நாங்கள் நலம். கமலாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மகள் கார்டிஃபில் வீடு வாங்கிக் குடிபோய்விட்டாள், வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கம் பெனிஃபிட் என்று சும்மா காசு கொடுத்துக் கொடுத்தே இந்த ஊர்க்காரர்களுக்கு உடம்பு வணங்காமல் போய்விட்டது என்று லண்டனில் இருக்கும் உன் தம்பி மகன் சொல்கிறானாம். இத்தனை வருஷம் அங்கே இருந்தவன், நீ என்னடா சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். இதில் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

1974-ல் நான் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது ஊரே நிலக்கரிச் சுரங்கத்தை நம்பித்தான் இருந்தது. உள்ளூர் டாக்டர்கள் இந்த மாதிரி ஊர்களுக்கு வரத் தயங்கியதால்தான் நம் நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு இங்கே இடம் கிடைத்தது. அந்தத் தொழிலாளிகளின் உடம்பை நான் பார்த்திருக்கிறேன். கரித்தூள் புகுந்து ஆறிய காயங்கள் முதுகிலும் தோளிலும் நீலக் கோடுகளாகவே நின்றுவிடும். நுரையீரலில் தூசி படிந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கூட, "திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போகலாமா டாக்டர்?" என்றுதான் கேட்பார்.

1984 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த மார்ச்சில் தோற்றுப்போய் முடிந்தது. அப்புறம் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அந்தச் சமயத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். ஐம்பது தாண்டியவர், பதினைந்து வயசில் சுரங்கத்தில் இறங்கியவர். முதுகெலும்பில் தேய்மானம், மூச்சில் இழுப்பு. போன மாதம் வரை அதே முதுகோடும் அதே மூச்சோடும் முழு ஷிஃப்டும் பார்த்தவர். உடம்பு சரியில்லை, வேலைக்குப் போக முடியாது என்று டாக்டர் எழுதித் தரும் சிக் நோட் கேட்டு அவர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் போர்ட்டர் வேலை ஏதாவது இருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்க வந்தார். விசாரித்துப் பார்த்தேன், இடமில்லை. கடைசியில் சிக் நோட்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் நோயாளிதான், சந்தேகமே இல்லை. ஆனால் சுரங்கம் திறந்திருந்தால் மறுநாளே வேலைக்குப் போயிருப்பார். அந்தக் காகிதத்தில் நான் எழுதியது எல்லாம் உண்மை. அவர் வீட்டில் உட்கார்ந்ததற்கான உண்மைக் காரணத்தை எழுதத்தான் அதில் இடம் இல்லை.

இப்படி ஆயிரக்கணக்கானவர்கள். அரசாங்கத்துக்கும் அது வசதியாக இருந்தது. 1982-ல் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. உடம்பு சரியில்லாதவர் பட்டியலுக்கு மாறிவிட்டால் ஒருவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். நோய்க்கான தொகையும் வேலையில்லாதவர்களுக்கான தொகையை விட அதிகம். 1970-களின் இறுதியிலிருந்து 1990-களின் நடுவுக்குள் அந்தப் பட்டியல் மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்தது. ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா பீட்டியும் ஸ்டீவ் ஃபாதர்கில்லும் இதை வருஷக்கணக்கில் ஆராய்ந்து, இது மறைந்து கிடக்கும் வேலையின்மை என்று எழுதினார்கள். பட்டியலின் உச்சியில் இருந்தவை எந்த ஊர்கள் தெரியுமா? வடகிழக்கு இங்கிலாந்தில் டரம் நிலக்கரி வட்டாரத்தின் ஈசிங்டனும் எங்களுக்கு அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் மெர்தர் டிட்ஃபிலும். வேலை செய்யும் வயதில் இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே அந்தத் தொகையில் வாழ்ந்தார். சோம்பல்தான் காரணம் என்றால் அது நாடு முழுக்க ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். தொழில் செத்த ஊராகப் பார்த்துக் குவிந்திருக்காது.

உழைப்பைப் பற்றிப் பேசினால் டவர் சுரங்கத்தைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஹிர்வானில் இருந்தது. 1994-ல் லாபம் வராது என்று அதை மூடினார்கள். 239 தொழிலாளிகள், வேலை போனதற்காகக் கிடைத்த பணத்திலிருந்து தலைக்கு 8,000 பவுண்டு போட்டு, தொழிற்சங்கக்காரர் டைரோன் ஓ'சல்லிவன் தலைமையில் சுரங்கத்தையே வாங்கினார்கள். 1995 ஜனவரியில் திறந்து 2008 வரை நடத்தினார்கள். அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டுப் பெனிஃபிட் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டில் இருந்திருக்கலாம். பூமிக்கடியில் இறங்கும் உரிமையை அல்லவா காசு கொடுத்து வாங்கினார்கள்! அவர்களில் சிலர் என் நோயாளிகள். சுரங்கம் மறுபடி திறந்த வாரம் அவர்கள் முகத்தில் பார்த்த சந்தோஷம் எந்த மருந்திலும் வராதது.

உன் தம்பி மகன் மாதிரிப் பேசுகிறவர்கள், மூன்று தலைமுறையாக வேலைக்கே போகாத குடும்பங்கள் இருப்பதாக அடிக்கடி சொல்வார்கள். அமைச்சர்களே சொல்லியிருக்கிறார்கள். வறுமையைப் பற்றி ஆராயும் ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளைக்காக ஆராய்ச்சியாளர்கள் கிளாஸ்கோவிலும் மிடில்ஸ்பரோவிலும் மிக வறிய பகுதிகளில் அப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடினார்கள். 2012-ல் அறிக்கை வந்தது. தேடு தேடு என்று தேடியும் மூன்று தலைமுறையாக யாருமே வேலைக்குப் போகாத குடும்பம் ஒன்றுகூட அகப்படவில்லை. நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்த அப்பா அம்மாக்கள், பிள்ளைகளுக்காவது நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் ஏங்கினார்கள்.

இன்னொன்று. கொரோனாவுக்குச் சற்று முன், இந்த நாட்டில் 16 முதல் 64 வயதுக்குள் வேலையில் இருப்பவர்களின் விகிதம் 76 சதவீதத்தைத் தாண்டியது. 1971-லிருந்து எடுத்து வரும் கணக்கில் அதுவரை இல்லாத உயரம் அது. இன்று யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வேலைக்குப் போகிறவர். வாங்கும் சம்பளம் வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் போதவில்லை, அவ்வளவுதான்.

சரி, அவன் சொல்வதில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. இருபது வருஷம் ஒரு மனிதனை வீட்டில் உட்கார வைத்தால் அவனுக்குள் ஏதோ ஒன்று போய்விடுகிறது. அதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். முதல் வருஷம் வேலை தேடுவார்கள், மூன்றாம் வருஷம் தேடுவதை நிறுத்துவார்கள், அப்புறம் மனச்சோர்வுக்கு மாத்திரை கேட்டு வருவார்கள். காசு கொடுத்ததில் தப்பில்லை. காசைக் கொடுத்துவிட்டு ஆளை மறந்ததுதான் பெரிய அநியாயம்.

விதிகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. எங்கள் தெருவில் ஒரு பெண், படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டே கடையில் பகுதி நேர வேலை செய்கிறாள். போன வருஷம் அவளுக்குக் கிடைத்த பராமரிப்பாளர் தொகை வாரத்துக்கு 81.90 பவுண்டு. கையில் வாங்கும் சம்பளம் வாரத்துக்கு 151 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு பவுண்டு கூடினாலும் 81.90 மொத்தமும் போய்விடும். கடையில் கூடுதல் ஷிஃப்ட் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து கமலாவிடம் அழுதாள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அவள் வேலையைத் தட்டிக் கழிப்பதாகத்தான் தெரியும். இந்த ஏப்ரலில் வரம்பை 196 பவுண்டாக உயர்த்தியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் வரம்பைத் தாண்டினால் மொத்தமும் போவது அப்படியேதான் இருக்கிறது.

யூனிவர்சல் கிரெடிட்டில், 25 வயது தாண்டிய தனி ஆளுக்கு இந்த வருஷம் அடிப்படைத் தொகை மாதம் 400 பவுண்டு. உடம்போ மனசோ சரியில்லை, வேலை செய்ய முடியாது என்று மதிப்பீட்டில் முடிவானால் அதோடு இன்னொரு 423 பவுண்டு. 400 பவுண்டில் இங்கே ஒருவர் கரண்ட் பில்லும் கட்டிச் சாப்பிடவும் முடியாது. ஆகவே முடியாது என்று நிரூபித்தாக வேண்டியிருக்கிறது. நிரூபித்த பிறகு, வேலைக்குப் போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தாலே பயம். போய் முடியாமல் திரும்பினால் மறுபடி முதலிலிருந்து மதிப்பீடு என்றால் என்ன செய்வது? அடுத்த ஏப்ரலிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு அந்த 423-ஐப் பாதியாகக் குறைக்கப் போகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. பணத்தைக் குறைத்தால் பயம் கூடும், தெம்பு வராது. வேலைக்குப் போய்ப் பார்ப்பதாலேயே மறுமதிப்பீடு வராது என்று உறுதி தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்டில் நான் பல வருஷமாகக் காத்திருந்த சீர்திருத்தம் அது. அதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் போதும்.

என்னை வாட்டுவது சின்னப் பிள்ளைகள்தான். 16 முதல் 24 வயதுக்குள் படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருப்பவர்கள் பத்து லட்சத்தை நெருங்குகிறார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு மனச்சோர்வு, பதற்றம். அது நடிப்பு என்று சொல்கிறவனோடு நான் சண்டை போடுவேன். ஆனால் இருபத்திரண்டு வயசுப் பிள்ளையிடம் நீ வேலைக்கு லாயக்கில்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பது மருத்துவம் ஆகாது. என் தலைமுறை நோயாளிகளுக்கு நடந்தது இவர்களுக்கும் நடந்துவிடக் கூடாதே என்று இருக்கிறது. வியாழக்கிழமைகளில் இங்கே ஊர் மண்டபத்தில் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவுகிறேன். வருகிற பிள்ளைகள் கூச்சத்தோடுதான் வருகிறார்கள். பேச்சுக்கு நடுவில் முக்கால்வாசிப் பேர் கேட்பது வேலையைப் பற்றித்தான்.

ஜனவரி கடைசியில் மதுரை வருகிறோம். டிக்கெட் போட்டதும் தேதி எழுதுகிறேன். உன் எக்ஸ்ரேயை அப்போது பார்க்க வேண்டும், எடுத்து வை. கீதாவுக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன்,
மூர்த்தி