நெல்லையில் பொதி கட்டவும் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி உத்திரத்துக்கும் ஆடிக் கொடைக்கும் நம் பக்கத்து ஊர்களில் எடுக்கிற வீடியோக்களில் ஊர்ப் பெயரும் வரி கொடுத்தவர்கள் பெயரும் திரையில் எழுத்தாக ஓடும். லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் உள்ள கணினியில் அந்த எழுத்தைப் போட்டுப் பார்த்த சில ஸ்டுடியோக்காரர்களுக்கு 'நெல்லை' என்ற சொல்லே உடைந்து வந்திருக்கும். 'ந'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். கடைசி 'லை'யிலும் அதே கோளாறு. "இதுல தமிழ் சரியா வராது" என்று முடிவுகட்டி, திருட்டு நகல் மென்பொருளுக்கே அவர்கள் திரும்பிவிடுகிறார்கள்.

காரணம் எளிது. வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் எழுத்துப் போடும் 'டிராடெக்ஸ்ட்' வடிகட்டி (ஃபில்டர்), 6.1 பதிப்புக்கு முன்பு எழுத்துகளைத் தட்டச்சு செய்த வரிசையிலேயே அடுக்கிவந்தது. தமிழ்க் கொம்பை இடம் மாற்றி வைக்கத் தெரிந்த ஹார்ஃப்பஸ் நூலகம் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) 6.1இல்தான் அதனுடன் சேர்ந்தது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12ஆம் பதிப்பில் இருப்பது எஃப்எஃப்எம்பெக் 5.1, 13ஆம் பதிப்பில் 7.1. பழையதையே வைத்திருப்பவர்கள் அதே வரியை சப்டைட்டில் கோப்பாக எழுதி, லிப்ஆஸ் என்ற சப்டைட்டில் நூலகம் வழியாக வீடியோவில் ஏற்றினால் எழுத்து சரியாக வரும்.

இப்படி எந்தப் பதிப்பு, எந்த வசதியோடு நம் கணினிக்கு வருகிறது என்பதைத் தீர்மானிப்பவர், மென்பொருளை நிறுவத் தயாரான தொகுப்பாக ('பொதி') ஆக்கித் தருகிற பொதி கட்டுபவர். டெபியனில் ஒலி, ஒளி மென்பொருள்களுக்கென்றே மல்டிமீடியா குழு இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக், வீடியோ பார்க்கும் விஎல்சி, ஒலிப்பதிவுக்கான ஆர்டர், அடாசிட்டி எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. யாரும் சேரலாம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக் கல்லூரிகள் இந்த வேலையை இறுதியாண்டு புராஜெக்டாக ஏற்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

புதிய மென்பொருளை உள்ளே கொண்டுவருவதில் தொடங்க வேண்டாம். புதுப் பொதி ஒவ்வொன்றும் உரிமப் பரிசோதனை வரிசையில் காத்திருந்தே உள்ளே போகும். அதற்குள் செமஸ்டர் முடிந்துவிடக்கூடும். ஏற்கெனவே உள்ள, பதிப்பு பின்தங்கிய சின்ன ஆடியோ பிளக்இன் (ஒலி மென்பொருளோடு சேரும் துணை நிரல்) ஒன்றை எடுங்கள். புதிய வெளியீடு வந்திருக்கிறதா என்று யூஸ்கேன் என்ற கருவி சொல்லும். மூல நிரலை இறக்கி, பழைய ஒட்டுகள் (நிரலில் செய்த சின்ன மாற்றங்கள்) இன்னும் பொருந்துகின்றனவா என்று குயில்ட் கருவி கொண்டு பார்த்து, சேஞ்ச்லாக் என்ற மாற்றக் குறிப்பை எழுதி, வெற்றுச் சூழலில் கட்டித் தரும் எஸ்பில்டில் கட்டி, பொதியைச் சோதிக்கும் லிண்டியன் சொல்லும் குறைகளைத் தீர்த்து, டெபியனின் மென்டார்ஸ் தளத்தில் ஏற்றிவிட்டுப் பரிசீலிக்க ஒருவரைக் கேட்க வேண்டும். பழகியவருக்கு ஒரு மாலை வேலை. முதல்முறை செய்பவருக்கு இரண்டு மூன்று வாரம் ஆனாலும் கவலையில்லை.

எஸ்பில்ட் இல்லாமல் சொந்தக் கணினியில் நேரடியாகக் கட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. உங்கள் கணினியில் முன்பே கிடக்கும் நூலகங்களைத் தேடிப்பிடித்துப் பொதி நன்றாகவே கட்டப்பட்டுவிடும். வெற்றுச் சூழலில் கட்டும்போது, தேவைகளைப் பட்டியலிடும் கன்ட்ரோல் கோப்பில் நீங்கள் எழுதாத நூலகம் அங்கே இருக்காது. பிழை வந்து நின்றால் நல்லது. பல மென்பொருள்கள் நிற்காமல், அந்த வசதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போகும். ஹார்ஃப்பஸ் வேண்டும் என்று கேட்காமல் புதிய எஃப்எஃப்எம்பெக்கைக் கட்டினால், டிராடெக்ஸ்ட் வடிகட்டியே இல்லாத பொதி பிழைச்செய்தி இன்றி வெளியே வரும். அதனால் வேண்டிய வசதி ஒவ்வொன்றையும் கட்டும் முறையைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வடிகட்டிப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு வரி போதும்.

ஆடியோ பிளக்இன்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வேகத்துக்காக கட்டும் கட்டளைகள் உள்ள மேக்ஃபைலில் 'மார்ச் நேட்டிவ்' என்று மூல ஆசிரியர் எழுதிவைத்திருப்பார். கட்டிய கணினியின் சிப்புக்கு ஏற்ற கட்டளைகள் பொதிக்குள் போய்விடும். பத்து வருடம் பழைய கணினியில் அதைத் திறந்தால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று சாகும். நம்மூர் ஸ்டுடியோக்களில் அத்தகைய கணினிகள் ஏராளம். அந்த வரியை நீக்கும் ஒட்டை எழுதி, மூல ஆசிரியருக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஒவ்வொரு பதிப்புக்கும் அதே வேலை திரும்ப வரும்.

உரிமம் பார்ப்பது அலுப்பான வேலை, ஆனால் தப்பக்கூடாதது. நிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருந்தாலும், கூடவே வரும் மத்தள ஒலித்துணுக்கு 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற உரிமத்தில் இருக்கலாம். அது டெபியனின் முதன்மைத் தொகுப்பில் செல்லாது. காப்பிரைட் கோப்பில் அதை விலக்கச் சொல்லி, மூலத்தை மறுபடி கட்டி, பதிப்பு எண்ணோடு 'டிஎஃப்எஸ்ஜி' (டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிமுறைகள்) என்று சேர்க்க வேண்டும்.

நூலகப் பொதிகளை முதல் வருடம் தொடாமலிருப்பது நல்லது. எஃப்எஃப்எம்பெக்கின் லிப்ஏவிகோடெக் நூலகம் 60லிருந்து 61க்கு மாறியபோது அதைச் சார்ந்த அத்தனை பொதிகளையும் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. அது வெளியீட்டுக் குழுவோடு பேசிச் செய்கிற காரியம்.

கல்லூரிகளிடம் கேட்பது மூன்றே. ஆய்வகத்தில் எட்டு ஜிபி ரேமும் முப்பது ஜிபி காலி இடமும் உள்ள நான்கு கணினிகள் வேண்டும். தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் போர்ட் 22 அடைபட்டிருந்தால் அதைத் திறந்துவிட வேண்டும். 'சொந்தமாக மென்பொருள் எழுதினால்தான் மதிப்பெண்' என்ற விதியைத் தளர்த்தி, டெபியனில் ஏற்கப்பட்ட ஒரு பதிப்பு மேம்படுத்தலை முழு புராஜெக்டாகக் கணக்கில் எடுக்க வேண்டும். யார் என்ன மாற்றினார்கள் என்பது சேஞ்ச்லாக்கில் பெயரோடும் தேதியோடும் பொதுவில் இருக்கும். மதிப்பிடும் ஆசிரியர் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்கள்,
பாளையங்கோட்டை.